மக்காச்சோளம் வயிற்றுக்கா, வண்டிக்கா?

2007 ஜனவரி 31. மெக்சிகோ நகரத்தின் தெருக்களில் பல்லாயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். காரணம் டோர்ட்டியா! மக்காச்சோள மாவைத் தட்டிச் சுடும் மெல்லிய ரொட்டி அது. நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அதன் விலை சில இடங்களில் கிலோ 10 பெசோவையும் தாண்டியிருந்தது. 8.50 பெசோவுக்கு மேல் விற்பதில்லை என்று அதிபர் ஃபெலிப்பே கால்டெரோன் இரண்டு வாரம் முன்புதான் நிறுவனங்களோடு உடன்பாடு செய்திருந்தார். பல கடைகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மக்காச்சோளம் பிறந்ததே மெக்சிகோவில்தான். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் பால்சாஸ் ஆற்றுப் பகுதியில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதன் உருவாக்கிய பயிர் அது. அங்கேயே அது எட்டாக்கனி ஆனது எப்படி?

1994 ஜனவரி 1 அன்று நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மக்காச்சோளத்தின் இறக்குமதித் தடைகளைத் தளர்த்த 15 ஆண்டு அவகாசம் இருந்தது. ஆனால் மெக்சிகோ அரசே அவசரப்பட்டு, வரம்புக்கு மேல் வந்த சரக்குக்கும் பெரும்பாலும் வரி வாங்காமல் விட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்கச் சோளம் வந்து குவிந்தது. மழையை நம்பி விதைத்த சிறு விவசாயி அதோடு எப்படிப் போட்டி போடுவான்?

இந்த நிலையில் அமெரிக்கா 2005-ல் ஒரு சட்டம் போட்டது. 2012-க்குள் ஆண்டுக்கு 750 கோடி காலன் உயிரி எரிபொருளைப் பெட்ரோலில் கலக்க வேண்டும் என்றது அது. எண்ணெய் இறக்குமதி குறையும், கரியமில வாயுவும் குறையும் என்றார்கள். அந்த எரிபொருளில் பெரும்பகுதி மக்காச்சோள எத்தனால். அங்கு விளைந்த சோளத்தில் ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் ஆலைக்குப் போகத் தொடங்கியதும் சந்தை விலை எகிறியது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. டோர்ட்டியா வெள்ளைச் சோளத்தில் செய்வது. அமெரிக்காவிலிருந்து வருவதோ பெரும்பாலும் மாட்டுக்கும் கோழிக்கும் போடும் மஞ்சள் சோளம். மஞ்சள் விலை ஏறியதும் தீவனக்காரர்கள் வெள்ளைக்குத் தாவினார்கள். வெள்ளையும் சேர்ந்து ஏறியது. பெரும் வணிகர்கள் பதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டும் பலமாக எழுந்தது. ஆகவே எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் மட்டும் போடுவது சரியல்ல.

ஆனால் அது உண்மையிலேயே காலநிலைக்கான கொள்கையா? பிரேசிலின் கரும்பு எத்தனால் மாசு குறைந்தது. அதற்கு அமெரிக்கா காலனுக்கு 54 சென்ட் இறக்குமதி வரி போட்டு வாசலிலேயே நிறுத்தியது! பூமியைக் காப்பதுதான் நோக்கம் என்றால் அந்தச் சுவர் எதற்கு? அயோவா விவசாயிகளின் ஓட்டுக்காக என்று சொன்னவர்களை மறுப்பது கடினம்.

2007 டிசம்பரில் இலக்கு 3600 கோடி காலனாக உயர்ந்தது. அதில் சோள எத்தனாலுக்கு 1500 கோடி வரை இடம். இரண்டே மாதத்தில் டிமோத்தி செர்ச்சிங்கர் குழுவின் ஆய்வு 'சயின்ஸ்' இதழில் வந்தது. சோளம் எரிபொருளுக்குப் போனால் உணவுக்காக வேறெங்கோ காடு அழியும். அதையும் சேர்த்தால் 30 ஆண்டுகளில் மாசு பெட்ரோலைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்றது ஆய்வு. பின்னால் வந்த பல கணக்குகள் இந்த அளவைக் குறைத்தன, சர்ச்சை ஓயவில்லை.

2011 டிசம்பர் 31-ல் அந்த இறக்குமதி வரியும், எத்தனால் கலப்பவர்களுக்கான வரிச்சலுகையும் முடிவுக்கு வந்தன. கலந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் நீடித்தது. அதற்குள் அமெரிக்கச் சோளத்தில் சுமார் 40 சதவீதம் எத்தனால் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.