பரிவு: ஒரு சொல் வந்த வழி

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்த எவராலும் பரிவுக் குழாயை மறக்க ஏலாது. நீர்ச்சாடிக்குள் நிற்கும் குழாயை மெல்ல உயர்த்துவோம். அதன் வாயருகே இசைக்கவை அதிரும். ஓரிடத்தில் குழாய் திடீரென முழங்கும். அந்த முழக்கத்துக்குப் பெயர் பரிவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது ஒத்ததிர்வு.

‘பரி’ என்ற வினைக்கு அன்புகொள்ளல், இரங்கல் என்று பொருள். ஒருவருக்காகப் பரிந்து பேசுவது இன்றும் நம் வழக்கு. ‘ரெசொனன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரோ மீள ஒலித்தலைக் குறிப்பது. ஆனால், தொடாத கம்பி அயற்கம்பியோடு சேர்ந்து அதிர்வதை இரக்கத்தோடு தொடர்புபடுத்திச் சொல்வது ஆங்கிலத்திலும் உண்டு. நம் சொல்லை ஆக்கியவர்கள் அந்த இழையைப் பிடித்தார்கள் என்றே நினைக்கிறேன். மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் எழுதவைத்த மண் இது. வழக்கிலுள்ள சொல்லை அறிவியலுக்கு அழைப்பது இங்கே புதிதல்ல.

அந்தச் சொல் இன்று ஒளிக்கும் பொருந்துகிறது. இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் வட்ட மாடத்தில் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்புறத்தில் கேட்கும். ஒலி வளைந்த சுவரைத் தழுவி ஓடுவதே காரணம் என்று ரேலே பிரபு விளக்கினார்; 1921 இல் சி. வி. இராமனும் அங்கே ஆராய்ந்தார். மயிரளவு கண்ணாடி மணிக்குள் ஒளியும் அப்படித்தான், முழுவுட்டெறிப்பால் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. சுற்றளவில் முழு எண்ணிக்கையான அலைகள் அடங்கும் அலைநீளத்துக்கு மட்டுமே மணி பரியும்.

அதன்மேல் புரதம் ஒட்டினால் ஆரை கூடியதுபோல் ஆகிவிடும். 100 மைக்கிரோமீற்றர் ஆரையுள்ள மணியில், கண்ணாடிக்கு நெருங்கிய முறிவுச் சுட்டியுடைய 3 நானோமீற்றர் படை சேர்ந்தால் மாற்றம் இலட்சத்தில் 3 பங்கு. 1300 நானோமீற்றர் ஒளியில் அது ஏறத்தாழ 0.04 நானோமீற்றர். பரிவு அவ்வளவு கூர்மையானது என்பதால் இந்த நகர்வும் தெரிகிறது. பிராங்க் வோல்மர், ஸ்டீபன் ஆர்னல்ட் குழுவினர் 2002 இல் புரதத்தையும், 2008 இல் தனியொரு இன்புளுவென்சா வைரசையும் இவ்வாறு கண்டார்கள்.

எந்த அலைநீளத்துக்குப் பரியும் என்று முன்கூட்டியே கணிக்க, கோளமென்றால் 1908 இல் குஸ்தாவ் மீ தந்த தீர்வு கைகொடுக்கும். வளையம், தட்டு என்று வடிவம் மாறினால் மக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணினியிடம் கொடுக்கவேண்டியதுதான். கேன் யீ 1966 இல் காட்டிய முறைப்படி வெளியைச் சிறு கட்டங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றும் அலைநீளத்தின் பத்திலொன்றைவிடச் சிறிதாக இருக்கவேண்டும். முப்பரிமாணத்தில் அவை கோடிக்கணக்கில் பெருகிவிடும். வளையம் தன் அச்சைச் சுற்றி ஒரேபோல் இருப்பதால், ஒரு குறுக்குவெட்டை மட்டும் தீர்த்தாலும் போதும். எனக்கு மிகப் பிடித்த சுருக்குவழி இது.

ஒளியால் புரதத்தை அறியும் இந்தக் கருவிக்கு ‘நுண்பரிவி’ என்று பெயர் வைக்கலாம். எந்த நிறத்துக்குப் பரிகிறது, புரதம் தொட்டபின் எந்த நிறத்துக்கு என்பதைத்தானே கணினியிடம் கேட்கிறோம்.