பி.எஸ். ராமையா: வத்தலக்குண்டிலிருந்து மணிக்கொடிக்கு

பி.எஸ். ராமையா (1905–1983) தமிழ்ச் சிறுகதையாசிரியர், நாவலாசிரியர், நாடகாசிரியர், இதழாசிரியர், திரைப்பட எழுத்தாளர். மணிக்கொடி இதழைச் சிறுகதைக்கான இதழாக மாற்றி நடத்தியவர்.

பிறப்பு, இளமை

ராமையா மார்ச் 24, 1905 அன்று வத்தலக்குண்டில் பிறந்தார். கொடைக்கானல் மலையடிவாரத்தில் உள்ள இவ்வூர் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1985-ல் திண்டுக்கல் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமையரும், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த ஊர் இது. பின்னாளில் 'எழுத்து' இதழை நடத்திய சி.சு. செல்லப்பா வளர்ந்ததும் இங்கேதான்.

ராமையாவின் படிப்பு பள்ளியிலேயே நின்றது. பிழைப்புத் தேடிச் சென்னைக்குச் சென்று கடைகளில் சிறு வேலைகள் பார்த்தார். காந்தியின் அழைப்பை ஏற்று 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். ஆனந்த விகடன் சிறுகதைப் போட்டிக்கு அவர் எழுதிய 'மலரும் மணமும்' அவரை எழுத்தாளராக அறிமுகப்படுத்தியது.

மணிக்கொடி

கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் 1933-ல் மணிக்கொடியை அரசியலும் இலக்கியமும் கலந்த வார இதழாகத் தொடங்கினர். ஓராண்டு கடந்ததும் மூவரும் வேறு பணிகளுக்குப் பிரிந்தனர். சொக்கலிங்கம் 1934-ல் தினமணியின் ஆசிரியரானார். நின்றுபோகவிருந்த இதழை 1935-ல் ராமையா ஏற்றுக்கொண்டார். அதைச் சிறுகதைகளுக்கென்றே ஆன மாதமிருமுறை இதழாக மாற்றினார். சிறுகதையை மட்டும் நம்பி ஓர் இதழ் நடத்துவது அன்று துணிச்சலான முடிவு.

புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, சி.சு. செல்லப்பா ஆகியோரின் கதைகள் அதில் வெளிவந்தன. எஸ். மணி என்பவரை எழுதத் தூண்டி, அவருக்கு மௌனி என்ற புனைபெயரைச் சூட்டியவரும் ராமையாவே. மௌனியின் தொடக்ககாலக் கதைகள் 1936-ல் மணிக்கொடியில் வந்தன.

இதழ் புகழ் பெற்றது, பணம் பெறவில்லை. 1938 தொடக்கத்தில் ராமையா அதிலிருந்து விலகினார்.

திரைப்படமும் நாடகமும்

எழுத்தையே தொழிலாகக் கொண்ட ராமையாவுக்குத் திரைப்படம் வருமானம் தந்தது. 1941-ல் வெளியான 'மதனகாமராஜன்' உள்ளிட்ட படங்களுக்கு எழுதினார். சில படங்களை இயக்கவும் செய்தார்.

1950-களில் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் குழுவுக்கு நாடகங்கள் எழுதினார். கர்ணனை மையமாகக் கொண்ட 'தேரோட்டி மகன்', 'மல்லியம் மங்களம்', கோகலின் நாடகத்தைத் தழுவிய 'பிரசிடென்ட் பஞ்சாட்சரம்', 'போலீஸ்காரன் மகள்' ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 'போலீஸ்காரன் மகள்' 1962-ல் ஸ்ரீதர் இயக்கத்தில் திரைப்படமானது. புராணமும் மிகை வசனமும் ஆட்சி செய்த மேடைக்கு, சமகாலக் குடும்பத்தையும் இயல்பான பேச்சையும் கொண்டுவந்தவர்களுள் ராமையாவும் ஒருவர்.

கதைகள், நாவல்கள்

ராமையா ஏறத்தாழ 300 சிறுகதைகள் எழுதினார். அவற்றுள் 'நட்சத்திரக் குழந்தைகள்' பெரிதும் பேசப்படுவது. யாரேனும் உண்மை பேசும்போது வானில் ஒரு நட்சத்திரம் பிறக்கிறது என்று நம்பும் சிறுமி, நட்சத்திரம் விழுவதைக் கண்டு யாரோ பொய் சொல்லிவிட்டதாக அழுகிறாள். 'பிரேம ஹாரம்', 'நந்தா விளக்கு', 'தினை விதைத்தவன்' ஆகியவை அவரது நாவல்கள்.

இலக்கிய இடம்

ராமையா தம் இறுதிக்காலத்தில் பெற்ற பெரிய அங்கீகாரம் கதைக்கோ நாடகத்துக்கோ கிடைத்ததன்று. 'தீபம்' இதழில் அவர் தொடராக எழுதிய 'மணிக்கொடி காலம்' என்ற வரலாற்று நினைவுநூலுக்கு 1982-ல் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

அவருடைய கதைகள் மேலோட்டமானவை என்று விமரிசகர்கள் சிலர் கருதினர். அதை மறுக்கும் வகையில் செல்லப்பா 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்ற தனி நூலே எழுதினார். அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் புதுமைப்பித்தனும் மௌனியும் எழுத ஒரு களம் தேவைப்பட்ட நேரத்தில், நட்டத்தைத் தாங்கி அக்களத்தைக் காத்தவர் ராமையா என்பதில் இரு கருத்து இல்லை.