காரோணம் என்னும் சொல்

நாகூரில் நாகநாதப் பெருமானைத் தொழுது, தெற்கே நாகப்பட்டினம் செல்லும் அன்பர்கள், அங்குள்ள பெருங்கோயிலை நீலாயதாட்சி அம்மன் கோயில் என்றே வழங்குவர். மூவர் முதலிகளும் பாடியருளிய பெயரோ நாகைக்காரோணம். காரோணம் என்பதன் பொருள் யாது?

இளமையில் அடியேன் ஒரு விழாமேடையில், "கார் என்பது மேகம், மேகம் தவழும் கடற்றலமாதலின் காரோணம்" என்று விரித்துரைத்தேன். 'ஓணம்' என எஞ்சிய பகுதியைப் பற்றி வாய்திறக்கவில்லை. அவையும் தலையசைத்தது. இறங்கியதும் முதிய ஓதுவார் ஒருவர் அருகழைத்து, "தம்பி, இச்சொல் வேறெங்கே பயில்கிறது என்று பார்த்ததுண்டா?" என்று மட்டும் வினவினார். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

பார்க்கத் தொடங்கினேன். திருஞானசம்பந்தர் குடந்தைக்காரோணத்தையும் பாடியுள்ளார். மகாமகக் குளக்கரையிலுள்ள காசி விசுவநாதர் கோயிலே அது என்பர். சோமேசர் கோயில் என்பாரும் உளர். அதே குடந்தையில் கீழ்க்கோட்டம் என வேறொரு கோயிலும் உண்டு. எனவே முன்னது ஊர்ப்பெயர், பின்னது கோயிற்பெயர் என்பது விளங்கிற்று. குடந்தையோ கடற்கரையூர் அன்று. என் மேகம் அங்கேயே கலைந்தது!

காஞ்சியில் இப்பெயர் சிதையாமல் காயாரோகணம் என்றே நிற்கிறது. நாகைப் பெருமானின் திருநாமமும் காயாரோகணேசுவரர். காயம் உடல், ஆரோகணம் ஏறுதல். புண்டரீக முனிவரை உடலோடு ஏற்றுக்கொண்டார் என்பது நாகைப் புராணம். ஒடுக்கக் காலத்தில் பிரமன், திருமால் உடல்களைத் தோளில் ஏற்றினார் என்பது கச்சிப் புராணம். கதைகள் வேறு; உடல் இரண்டிற்கும் பொது.

இச்சொல்லின் வழி இன்னும் வடக்கே நீள்கிறது. குஜராத்தில் வடோதராவுக்கு அருகே கார்வான் என்றோர் ஊர். பாசுபதம் வளர்த்த இலகுலீசர் தோன்றிய தலம். 13-ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவ மன்னன் காலத்தெழுந்த சிந்திரப் பிரசத்தி என்னும் சாசனம் அவ்வூரைக் காரோகணம் என்கிறது. நம் காரோணத்துக்கும் அதற்கும் ஒரு ககரமே இடைவெளி. இலகுலீசர் வழிவந்த ஆசாரியர்களை மதுராவில் கி.பி. 380-ஆம் ஆண்டுத் தூண் சாசனம் குறிக்கிறது. தமிழகக் காரோணங்களும் பாசுபதர் உறைந்த இடங்களாகலாம் என்று ஆய்வாளர் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது. அதற்காகப் புண்டரீக முனிவரைத் தள்ளிவிட அடியேன் உடன்படேன். சொல் வந்த வழி வேறு, அன்பர் அதைக் கொண்ட வழி வேறு.

மறு ஆண்டு அதே மேடையில் என் பிழையை எடுத்துரைத்துத் திருத்தினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்த ஓதுவார், நான் முடித்ததும் எழுந்து நாகைக்காரோணப் பதிகத்தைப் பாடினார்.