தகரப் பெட்டியிலிருந்து செல்போன் வரை

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கினப்போ கணக்குன்னா ஒரு நோட்டு, ஒரு தகரப் பெட்டி. 1992-ல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைக்க ஆரம்பித்தது. நம்மில் பலருக்குச் சொந்தப் பேரில் கணக்கு வந்தது 2014-ல் ஜன்தன் வந்த பிறகுதான்.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழியா 36 கொண்டை ஊசி வளைவு. போய்வந்தா அன்னைக்குக் கூலி போச்சு. இருட்டினா யானை பயம் வேற.

2016-ல் யூபிஐ, அந்த டிசம்பரில் பீம் செயலி. நம்ம அக்காக்கள் போனைப் பார்க்கப் பழகினது 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை 1000 ரூபாய் வந்தப்போதான். எந்தச் செயலி நல்லதுன்னு கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். செயலி எதுவானாலும் பணம் இருக்கிறது நம்ம வங்கிக் கணக்கில்தானே! தமிழில் படிக்க முடியுதான்னு பார்த்து எடுத்தோம்.

ஒரு தங்கச்சிக்குப் போன் வந்தது: "உதவித்தொகை வந்திருக்கு, ரகசிய எண்ணைப் போடுங்க." போட்டாள், 2000 ரூபாய் போயிடுச்சு. பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம், அனுப்பத்தான் வேணும். உடனே 1930-க்குக் கூப்பிடணும்னு அன்னைக்கு எங்களுக்குத் தெரியல. அவள் மூணு மாசம் போனையே தொடல. பிறகு அவளே மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மழைக்கு டவர் போனா இப்பவும் சேமிப்பு கையில்தான் வருது. தகரப் பெட்டியை யாரும் தூக்கிப் போடல.