மருந்தும் முத்திரையும்

ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், ஒரு நோய்க்கு மருந்தும் கிடைத்தது. மானக்கேட்டின் முத்திரையும் கிடைத்தது. ஆண்டு 1982. நாடு அமெரிக்கா. நோய், பிறப்புறுப்பில் கொப்புளமும் புண்ணும் தோற்றுவிக்கும் ஹெர்ப்பிஸ். மருந்தைத் தந்தது அறிவு. முத்திரையைத் தந்தது எது? நாம் ஆராய வேண்டாமா?

நோய் புதியதன்று. ‘ஊர்தல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அதன் பெயர். பிறப்புறுப்பில் அது தோன்றுவதை 1736-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷான் அஸ்ட்ருக் எழுதி வைத்தார். அதற்குக் காரணமான வைரஸ் இருவகைப்பட்டது என்பது 1960-களில் தெளிவாயிற்று. முதல் வகை பெரும்பாலும் வாயைத் தாக்கும். எனினும் பிறப்புறுப்பையும் விட்டுவைப்பதில்லை. இரண்டாம் வகையோ பெரும்பாலும் பிறப்புறுப்புக்கே உரியது. புண் ஆறினும் வைரஸ் அழிவதில்லை. முதுகுத்தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பணுக்களிலே உறங்கிக் கிடந்து, மீண்டும் விழித்தெழும்.

அதனை அடக்க அம்மைப்பாலைத் திரும்பத் திரும்பக் குத்திப் பார்த்தனர்; சாயம் தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தனர். ஒப்பிட்டுச் சோதித்தபோது இரண்டும் பயனற்றவை எனத் தெரிந்தது. தெரிந்ததும் கைவிட்டனர்! முன்னோர் செய்தனர் என்று முடங்கிக் கிடக்கவில்லை. அதுவன்றோ அறிவின் நேர்மை!

வென்றவர்களுள் ஒருவர் ஒரு பெண். கெர்ட்ரூட் எலியன் 1937-இல் வேதியியலில் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு உதவித்தொகை கிட்டவில்லை; ஆய்வுக்கூடத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்ட காலம் அது. 1944-இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் அவருக்கு இடமளித்தது. ஹோவர்ட் ஷேஃபர் முதலானோருடன் அவர் கூடி உழைத்ததன் பயன், அசைக்ளோவிர். நோயுற்ற அணுவினுள்ளே, வைரசின் நொதியே அம்மருந்தை முடுக்கிவிடும். முடுக்கப்பட்ட மருந்து, வைரஸ் பெருகுவதைத் தடுத்து நிறுத்தும். நலமான அணுக்களுக்குப் பெருந்தீங்கு இல்லை. பகைவனின் வாளாலேயே பகைவனை வீழ்த்தும் போர்முறை! ஆய்வுப் பட்டம் பெறாத எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

1982 மார்ச்சில் அசைக்ளோவிர் களிம்புக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் தந்தது. ஆகஸ்டில் ‘டைம்’ ஏடு, இந்நோயை இக்காலத்தின் செந்நிற எழுத்து என அட்டையிலே பொறித்தது. ஹாதார்ன் 1850-இல் எழுதிய புதினத்தில், பிறழ்ந்தாள் எனப் பழிக்கப்பட்ட பெண்ணின் மார்பில் ஊரார் அணிவித்த எழுத்து அது. புண் ஆறுவது சில வாரங்களில். இந்த எழுத்து ஆறுவது எப்போது?

நாணம் நோயைத் தடுக்கிறதா? இல்லை. மருத்துவரிடம் செல்லும் காலைத்தான் தடுக்கிறது. துணைவரிடம் உண்மை உரைக்கும் நாவைத்தான் கட்டுகிறது. பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. புண் இல்லாத நாளிலும் தொற்று பரவக்கூடும். 2020-ஆம் ஆண்டு நிலவரப்படி, 15 முதல் 49 வயதுடையோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகைத் தொற்று உண்டு என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இத்தனை பேரும் பாவிகளா? வைரசுக்குப் பாவமும் தெரியாது, புண்ணியமும் தெரியாது!

முற்றாக ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கும் மருந்து உண்டு. புண் தோன்றியவுடன் மருத்துவரைக் கண்டு அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் போன்றவற்றை உட்கொண்டால் துன்பம் குறையும். அடிக்கடி வருமாயின் நாள்தோறும் உண்ணும் முறையும் உண்டு. அவ்வாறு உண்போரின் துணைவருக்குத் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆணுறை இடரைக் குறைக்கும், முற்றும் நீக்காது. புண்ணோ, அது வருமுன் எரிச்சலோ உள்ளபோது உறவு தவிர்க்க வேண்டும். கருவுற்ற பெண் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. பேற்றின்போது தொற்றினால் சேயின் உயிருக்கே ஆபத்து.

தோழர்களே! மருந்தைக் கண்டறிய ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. முத்திரையை அழிக்க ஆய்வுக்கூடம் வேண்டா. நம் நாவும் நெஞ்சும் போதும். நோயுற்ற நண்பனிடம், “யாரிடம் பெற்றாய்?” என்று கேளாமல், “மருத்துவரைப் பார்த்தாயா?” என்று கேட்போம்.