பெர்லின் குளிருக்குச் செய்த ஹீட்டர், அச்சன்புதூர் சாரலுக்கு எத்தனை வாட்?

போன எபிசோடுக்கு அப்புறம் அச்சன்புதூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணே, வீட்ல 50 லிட்டர் தொட்டி இருக்கு. கப்பி, ஃபைட்டர், ஏஞ்சல் வளர்க்கேன். சாரல் ஆரம்பிச்சதும் மீன் எல்லாம் ஒரு மூலைல ஒதுங்கிருது. கடையில 200 வாட் ஹீட்டர் வாங்கச் சொல்லுதாங்க. கூட இருந்தா நல்லதுதானேங்காங்க. வாங்கலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்ன கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அதில் 150 வருஷத்துக் கதை இருக்கிறது. அதனால் இன்றைக்கு மீன் தொட்டி ஹீட்டரின் வரலாறு. பதிலும் உள்ளேயே வரும்.

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது ஐரோப்பாவில் பெரிய மோகமானது 1850-களில். ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர், தங்கமீன், நத்தை, நீர்ச்செடி மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்தால் தண்ணீரை மாற்றாமலே அவை ஒன்றை ஒன்று தாங்கும் என்று 1850-ல் காட்டினார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் பொதுமக்கள் பார்க்க மீன் இல்லம் திறந்தார்கள். அடுத்த வருஷமே ஃபிலிப் ஹென்றி காஸ் என்பவர் 'தி அக்வேரியம்' என்று புத்தகம் போட்டார். அந்தச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது.

இதில் எங்கேயும் ஹீட்டர் இல்லை, கவனிச்சீங்களா? காரணம் எளிது. தங்கமீன் குளிர்நீர் மீன். லண்டன் குளிரில் அது பாட்டுக்கு இருக்கும்.

சிக்கல், வெப்ப நாட்டு மீன்கள் கப்பலேறிய பிறகு வந்தது. 1869-ல் பியர் கார்போனியே என்பவர் மூலம் பாரடைஸ் மீன் பாரிஸுக்கு வந்தது. அது கொஞ்சம் குளிர் தாங்கும். அதற்குப் பின்னால் நீராவிக் கப்பல்களில் ஜெர்மனிக்கு வந்த தென் அமெரிக்க, ஆசிய மீன்கள் தாங்காது. கப்பி மீனே 1908-ல்தான் ஜெர்மனிக்குப் போனது. பெர்லினில் ஜனவரி மாதம் ராத்திரி கணப்பு அணைந்த பிறகு வீட்டுக்குள் எவ்வளவு குளிரும் என்று யோசித்துப் பாருங்க. காலையில் மீன் மிதக்கும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? தொட்டிக்கு அடியில் உலோகத்திலோ கற்பலகையிலோ தளம் வைத்து, அதன் கீழே விளக்கு ஏற்றினார்கள். சில இடத்தில் கேஸ் சுடர், சில இடத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. நம்ம ஊரில் அடுப்பில் சட்டி வைப்பது போலத்தான். அந்த விளக்குக்குத் தண்ணீர் எவ்வளவு சூடானது என்று தெரியாது. திரியை ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தூங்கிவிட்டால் ஒன்று மீன் விறைக்கும், இல்லை வேகும்.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1909-ல் சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. பக்கத்துக் கடல் மீன்களை மக்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். 1919-ல் அது மீன்துறையின் கைக்குப் போனது. ஜெர்மனியில் வீட்டுத் தொட்டிக்கு அடியில் விளக்கு எரிந்த அதே வருஷங்களில், மெரினாவில் மீனுக்கு வேண்டிய வெயில் சும்மாவே கிடைத்தது.

சரி, விளக்கில் இருந்து இன்றைய ஹீட்டருக்கு எப்படி வந்தோம்? இரண்டு பொருள் தேவைப்பட்டது.

ஒன்று, கம்பி. சாதாரணக் கம்பியில் மின்சாரம் விட்டுப் பழுக்கவைத்தால் காற்றிலேயே அரித்து அறுந்துவிடும். 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். ரொட்டி டோஸ்டரில் இருந்து மீன் தொட்டி வரைக்கும் அந்தக் கம்பிதான் போனது.

இன்னொன்று, மூளை. இது இன்னும் பழசு. ஜான் ஹாரிசன் என்ற இங்கிலாந்துக் கடிகாரக்காரர் 18-ம் நூற்றாண்டிலேயே பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் ஒன்றாக ஒட்டிப் பயன்படுத்தினார். சூடானால் பித்தளை அதிகம் நீளும், எஃகு குறைவாக நீளும், அதனால் தகடு வளையும். 1830-ல் ஆண்ட்ரூ யூர் இதே வளைவை வைத்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வளையும்போது மின்இணைப்பு பிரியும், ஆறினால் மறுபடி சேரும்.

கம்பியையும் தகட்டையும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்தால் நீங்கள் கடையில் பார்க்கிற ஹீட்டர். ராத்திரி கண் விழித்துத் திரியைப் பார்த்த ஆளின் வேலையை ஒரு துண்டுத் தகடு செய்கிறது.

இப்போ கடைக்காரர் கணக்குக்கு வருவோம். ஐரோப்பிய, அமெரிக்கப் பொழுதுபோக்குப் புத்தகங்களில் இருந்து நமக்கு வந்த விதி: ஒரு லிட்டருக்கு ஒரு வாட், அல்லது அதற்கு மேல் கொஞ்சம். குளிர்ந்த அறையை விடத் தண்ணீர் 10 டிகிரி அதிகமாக இருக்க வேண்டிய இடத்தில் அது சரியான விதி. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னால் இது லெகசி கோடு. எந்த சர்வருக்கு எழுதினார்கள் என்று பார்க்காமல் காப்பி பண்ணி ஓட்டுகிறோம்.

ஹீட்டரின் வேலை தண்ணீரைக் கொதிக்க வைப்பது இல்லை. தொட்டி இழக்கிற சூட்டை ஈடுகட்டுவது. அந்த இழப்பு, அறைக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. அதனால் முதலில் வாங்க வேண்டியது ஹீட்டர் இல்லை, ஒரு வெப்பமானி. சாரல் நாளில் ஒரு வாரம், அப்புறம் மார்கழியில் ஒரு வாரம், விடியற்காலை 5 மணிக்குத் தண்ணீரைப் பாருங்க. உதாரணத்துக்கு, உங்களுக்கு வேண்டியது 26, விடியற்காலை இருப்பது 23 என்றால் வித்தியாசம் 3 டிகிரிதான். மூடி போட்ட 50 லிட்டர் தொட்டிக்கு அதைப் பிடித்து நிறுத்த 25 வாட் போதும். கொஞ்சம் கையிருப்பு வேண்டும் என்றால் 50. லிட்டருக்கு ஒரு வாட் என்பது அங்கே தேவை, இங்கே உச்சவரம்பு.

கூட இருந்தால் நல்லதுதானே? இல்லை. அந்தத் தகட்டின் இணைப்பு ஆயிரக்கணக்கான தடவை சேர்ந்து பிரியும்போது சின்னச் சின்னத் தீப்பொறி வரும். ஒரு நாள் அது ஒட்டிக்கொள்ளலாம். அப்போ ஹீட்டர் அணையவே அணையாது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4,186 ஜூல் வேண்டும். 50 லிட்டரில் 200 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால், வெளியே போகிற சூட்டைக் கணக்கில் எடுக்காவிட்டால், 17 நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறும். நீங்க வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 25 வாட் என்றால் ஒரு டிகிரி ஏறவே 2 மணி 20 நிமிஷம். அதற்குள் அது இழக்கிற சூடும் சேர்ந்து, அறையை விட நாலைந்து டிகிரியில் நின்றுவிடும். மீனுக்குக் கஷ்டம்தான், ஆனால் நீங்கள் வந்து பார்க்க நேரம் கிடைக்கும். இன்னும் பாதுகாப்பு வேண்டும் என்றால் வெளியே பொருத்துகிற டிஜிட்டல் கன்ட்ரோலர் ஒன்று போடுங்க. ஒன்று சொதப்பினாலும் இன்னொன்று அணைக்கும்.

அப்படியானால் ஹீட்டரே தேவையா? மீனைப் பொறுத்தது. கப்பியை நம்ம ஊரில் கொசுப்புழு தின்னக் கிணற்றில் விடுவார்கள், அது ஹீட்டர் கேட்காது. தங்கமீனுக்கு ஹீட்டர் வேண்டவே வேண்டாம். இங்கே கடைகளில் கிடைக்கிற ஏஞ்சல், ஃபைட்டர் பெரும்பாலும் அமேசானில் இருந்தோ தாய்லாந்தில் இருந்தோ வந்தவை அல்ல. கொளத்தூர் மாதிரி இடங்களில், நம்ம வெயிலிலும் மழையிலும் சிமெண்ட் தொட்டியில் பிறந்தவை. அவற்றைச் சாய்ப்பது குளிரை விட, ஒரே நாளில் ஏறி இறங்குகிற வெப்பம். செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கும்போது அதுதான் நடக்கிறது. வெள்ளைப்புள்ளி நோய் தலைகாட்டுவதும் பல நேரம் அப்போதுதான். சின்ன ஹீட்டர் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும். டிஸ்கஸ் வளர்த்தால் மட்டும் 28-க்கு மேல் வேண்டும், அதற்குக் கட்டாயம் ஹீட்டர்.

இதற்கு நேர் எதிரான மீன் ஒன்று அச்சன்புதூருக்கு மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. பண்பொழி, மேக்கரை வழியாக ஏறி இறங்கினால் அச்சன்கோவில். அந்த ஆற்றில் சிவப்புக் கோடு போட்ட ஒரு மீன் உண்டு. 1865-ல் பிரான்சிஸ் டே முண்டக்கயத்தில் கிடைத்த மீனை வைத்து அதை விவரித்து, அப்போதைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசன் பெயரை வைத்தார். வியாபாரத்தில் அதற்கு 'மிஸ் கேரளா' என்று பெயர். 1990-களில் உலகச் சந்தைக்குப் போய், ஆற்றில் இருந்து அள்ளி அள்ளி எடுத்ததில் அழியும் நிலைக்கு வந்தது. 2008-ல் கேரள அரசு பிடிப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது.

அதன் ஆறு மலை ஓடை. குளிர்ந்து, வேகமாக ஓடி, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர். 20 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். 'வெப்ப நாட்டு மீன்' என்று எண்ணி இதன் தொட்டியில் ஹீட்டரை 28-க்கு வைத்தால், காசு கொடுத்து மூச்சை அடைக்கிறோம். சித்திரை வெயிலில் இதற்கு வேண்டியது தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல ஆவியாகி இரண்டு, மூன்று டிகிரி இறங்கும்.

ஆகவே தம்பி, 200 வாட் வேண்டாம். வெப்பமானி வாங்கி அளந்து பாருங்க. உங்க ஏஞ்சலுக்கும் ஃபைட்டருக்கும் அனேகமாக 25 போதும், மிஞ்சினால் 50. ஃபில்டர் தண்ணீர் ஓடுகிற பக்கம் வையுங்க, சூடு தொட்டி முழுக்கப் பரவும். வயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்க, வயர் வழியே வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 20 நிமிஷம் ஆறவிடுங்க. சூடான கண்ணாடி காற்றில் வந்து, மேலே குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டர் இருக்கிற தொட்டிக்குள் கை விடுகிறது நீங்கதான். வீட்டில் மின்கசிவைக் கண்டு துண்டிக்கிற ஆர்சிசிபி இல்லை என்றால், ஹீட்டருக்கு முன்னால் அதை மாட்டுங்க.

அடுத்த சாரலுக்குள் அந்த 5 மணி ரீடிங் எல்லாம் எழுதி அனுப்புங்க. மத்தவங்களும் உங்க ஊர் ரீடிங்கை அனுப்பலாம். கொடைக்கானல் 50 லிட்டருக்கும் ராமநாதபுரம் 50 லிட்டருக்கும் ஒரே ஹீட்டரான்னு, அந்த எண்களை வைச்சே அடுத்த எபிசோடுல பார்ப்போம்.