ரூட்டுக்கே திறக்காத ஜன்னல்

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது இதில் முட்டிக்கொண்டிருப்பீர்கள். டெர்மினலில் 'எஸ்யு' கொடுத்து ரூட்டாக மாறிய பின் ஏதாவது ஒரு சாளர நிரலைத் திறந்தால், டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். எந்தக் கோப்பையும் அழிக்கும் அதிகாரம் உள்ளவருக்கு ஒரு ஜன்னல் திறக்க அனுமதி இல்லையா? :-)

விடை தேட 1984-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதீனா திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். அங்கே ராபர்ட் ஷீஃப்லரும் ஜிம் கெட்டிஸும் உருவாக்கியதுதான் எக்ஸ் சாளர அமைப்பு. இன்றும் புழங்கும் எக்ஸ்11 வந்தது 1987-இல். இதில் நிரல் எங்கோ ஒரு கணினியில் ஓடும், அதன் சாளரம் உங்கள் மேசையில் தெரியும். அந்தக் கணினியின் ரூட் உங்கள் திரைக்கு யாரோ ஒருவர்தான். திரை, அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவருடையது.

முதலில் 'எக்ஸ்ஹோஸ்ட்' கட்டளை எந்தெந்தக் கணினிகள் உள்ளே வரலாம் என்று மட்டும் பார்த்தது. வெறும் கூட்டல் குறி போட்டால் எல்லோருக்கும் கதவு திறந்துவிடும். உள்ளே வந்தவர் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் படிக்கலாம். பிறகு 'மேஜிக் குக்கி' வந்தது. அது 128 பிட் ரகசிய எண். உங்கள் ஹோம் அடைவில் இருக்கும். ரூட்டாக மாறியவர் தன் ஹோமில் அதைத் தேடுவார், கிடைக்காது. அதனால்தான் அந்த மறுப்பு. உங்கள் கோப்பை ரூட் படிக்க முடியும் என்பதால், இது ரூட்டைத் தடுக்கும் பூட்டு அல்ல.

உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. எக்ஸில் ஒரே திரையிலுள்ள சாளரங்களுக்கு நடுவே சுவர் கிடையாது. ரூட் சாளரம் திறந்திருக்கும்போது, பிள்ளைகள் இறக்கிய ஏதோ ஒரு விளையாட்டு நிரல் அதற்குள் பொய்யாக விசைகளைத் தட்டிவிடலாம்.

சுவர் எழுப்பத்தான் 2008-இல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் முனைந்தது. 2016-இல் ஃபெடோரா 25-ம், 2017-இல் உபுண்டு 17.10-ம் அதற்கு மாறியபோது, ரூட்டாக ஓடும் ஜீபார்ட்டெட் போன்ற நிரல்கள் தடுமாறின.

அவசரத்துக்கு 'எக்ஸ்ஹோஸ்ட் +எஸ்ஐ:லோக்கல்யூசர்:ரூட்' (ஆங்கில எழுத்தில்) போதும். அதே கணினியின் ரூட்டுக்கு மட்டும் வழிவிடும். வேலை முடிந்ததும் கூட்டலைக் கழித்தலாக்கி மூடிவிடுங்கள். இதைவிட நல்லது, சாளரம் உங்கள் பெயரில் ஓட, ரூட் வேலையை மட்டும் 'போல்கிட்' வழியாகப் பின்னால் செய்யும் நிரல்கள். வெறும் கூட்டல் குறியை மட்டும் எந்த நாளும் போடாதீர்கள்!